நாற்றமில்லாத டிஸெக்‌ஷன் ஹாலும் பூட்டிக் கிடக்கும் ரிசர்ச் லேபும்

புதுக் கட்டடத்துக்குக் குடிபோய் ஒரு வருஷமும் ஒரு முழு மழைக்காலமும் ஆகிவிட்டது. டெல்டாவில் ஒரு கட்டடம் எப்படியிருக்கிறது என்று சொல்ல ஐப்பசியும் கார்த்திகையும் அதன் தலையில் பெய்து தீர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் "வீடு பிரமாதம்" என்பது மாதிரிதான். அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜி (சதையையும் ரத்தத்தையும் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற துறை) லேப் டெக்னீஷியன், 22 வருஷ சர்வீஸ். எந்தக் கல்லூரி, அரசா தனியாரா, எந்த ஜில்லா என்றெல்லாம் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. தஞ்சாவூருக்கும் கடலுக்கும் நடுவில், வயலைத் தூர்த்துக் கட்டிய கட்டடம், அது போதும். என் சித்தப்பா பையன் ஒருவன் வேறு ஊரில் இதே மாதிரி ஒரு கல்லூரி வேலையில் சைட் சூப்பர்வைசராக இருக்கிறான். "அண்ணே, நீங்க உள்ளயே கெடக்குறீங்க, எது சரியா வந்துச்சு எது சொதப்பிச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பப் போய் அது பதினோரு துண்டாக நீண்டுவிட்டது, சரி, எழுதியே போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸெக்‌ஷன் ஹாலுக்கு (பிள்ளைகள் இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கிற இடம்) ஐந்துக்கு ஐந்து. என் லேபுக்கு இரண்டு. ரிசர்ச் லேபுக்கு மார்க் போட முடியவில்லை, பூட்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்துக்கு இதெல்லாம் புதுசு. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் அரசு மருத்துவக் கல்லூரி என்றால் ரொம்ப காலத்துக்குக் காமராசர் ஆட்சியில் வந்த தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றுதான். அப்புறம் 2010இல் திருவாரூர், 2022 ஜனவரியில் நாகப்பட்டினம். நாகப்பட்டினம் திறந்த அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து 11 கல்லூரிகளை ஒரே நாளில் திறந்தார்கள், கிட்டத்தட்ட 4,000 கோடி ரூபாய், 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். மயிலாடுதுறைக்காரர்கள் எங்களுக்கு எப்போது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆக, வயலுக்கு நடுவில் டிஸெக்‌ஷன் ஹால் கட்டுகிற வேலை இத்தோடு முடியப் போவதில்லை.

மண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்மூர்க் களிமண் சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், நாலு மழை விழுந்தால் உப்பி மேலே வரும், சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். பழைய கட்டடத்தில் ஒவ்வொரு ஜன்னலின் மூலையிலிருந்தும் ஒரு விரிசல் கிளம்பியிருந்தது, வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அதன் மேல் சுண்ணாம்பு அடிப்போம். புதுசில் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூண்) போட்டு, அடிப்பக்கம் குமிழ் மாதிரி அகலமாக்கி இறக்கியிருக்கிறார்கள், தரைத்தளத்தையும் ரோட்டிலிருந்து நாலடி தூக்கிவிட்டார்கள். ஒரு மழைக்காலம் போய்விட்டது, ஒரு கீறல் இல்லை. ஜெனரேட்டரையும் மின்சாரப் பேனலையும் மேடை கட்டி உயரத்தில் வைத்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, கம்பமெல்லாம் சாய்ந்து, எங்கள் தெருவில் கரண்ட் வரவே மூன்று வாரம் ஆனதைப் பார்த்த யாரோதான் அந்த மேடையைப் போட்டிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் காண்ட்ராக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது டிஸெக்‌ஷன் ஹால். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நல்லபடியாக வந்ததற்குக் காரணம் பிளானில் இல்லை, எங்கள் ஹால் அட்டெண்டர் அண்ணனிடம் இருக்கிறது.

பழைய ஹாலில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து மணிக்கு உள்ளே போனால் பன்னிரண்டு மணிக்குக் கண்ணெல்லாம் சிவந்து, மூக்கில் தண்ணீர் கொட்டி வெளியே வருவார்கள். மத்தியானம் சாப்பிடும்போது விரலில் பார்மலின் வாடை இருக்கும், முதல் வருஷப் பிள்ளைகளில் பாதி பேர் ஒரு மாதம் ஸ்பூனில்தான் சாப்பிடும். வாடை மட்டும்தான் பிரச்சினை என்றால் பழகிக்கொள்ளலாம். பாடி கெடாமல் இருக்கப் போடுகிற பார்மலின் என்பது தண்ணீரில் கரைத்த பார்மால்டிஹைடு, அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே முதல் வகையில் வைத்திருக்கிறது. பிள்ளைகள் ஒரு வருஷம் மூச்சில் வாங்கிக்கொண்டு போய்விடும். அண்ணன் 30 வருஷமாக வாங்குகிறார்.

கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சைட் என்ஜினியர் (சின்னப் பையன், காலேஜ் முடித்து மூன்று நாலு வருஷம் இருக்கும்) ஹாலின் கூரையை ஒட்டி எட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வருகிறது என்று பெருமையாகக் காட்டினான். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு பழைய ஸ்டீல் டேபிளை நடுவில் தூக்கிப் போட்டார், அதன் மேல் ஒரு செங்கல், அதில் நாலு ஊதுபத்தி செருகிக் கொளுத்தினார். மேலே ஒரு ஃபேனைத் தற்காலிகமாக ஓடவிட்டார்கள். "தம்பி, நீங்க ஸ்டூடண்டுன்னு வச்சுக்குங்க, இது பாடி, குனிஞ்சு பாருங்க" என்றார். பையன் குனிந்தான். புகை நேராக எழுந்து அவன் முகத்தைத் தடவிக்கொண்டுதான் கூரைக்குப் போனது. இருமிக்கொண்டே நிமிர்ந்தவன், "சரிண்ணே, என்ன பண்ணலாம்?" என்று கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்விக்குத்தான் நான் அந்த ஐந்து மார்க்கைக் கொடுக்கிறேன்.

இப்போது உறிஞ்சுகிற கிரில் எல்லாம் சுவரில் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, புதுக் காற்று மேலிருந்து இறங்குகிறது, ஆவி முகத்துக்கு வராமல் கீழேயே இழுபட்டுப் போகிறது. ஒவ்வொரு டேபிளுக்கும் அடியிலேயே உறிஞ்சுகிற வசதி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அந்த விலைக்கு இங்கே யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். வாடை சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். தலைப்பில் நாற்றமில்லாத என்று போட்டது கொஞ்சம் ஓவர்தான். பழைய ஹாலில் இருந்து வந்தவனுக்கு இல்லை, முதல் தடவை வருகிறவனுக்கு இருக்கும்.

தரை வாட்டமும் அவர் பார்த்ததுதான். டைல்ஸ் ஒட்டி முடித்த அன்றைக்கு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு போய் மூலையில் ஊற்றினார், அது வடிகாலுக்குப் போகாமல் நடு ஹாலில் குளமாக நின்றது. மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே பாதித் தரையைப் பெயர்த்து மறுபடி போட்டார்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது டேங்க். பாடியைப் பதப்படுத்திப் போட்டு வைக்கிற தொட்டியைத் தரைக்கு அடியில் கட்டுவதாகத்தான் பிளான், வறண்ட ஊர்களில் அது நன்றாகவே இருக்கும். நம்மூரில் மேட்டூர் திறந்து, குறுவை முடிந்து, அடைமழையும் பிடித்துவிட்டால் இரண்டு மூன்றடி தோண்டினாலே தண்ணீர் நிற்கும். பழைய கட்டடத்தில் அந்தத் தண்ணீர் தொட்டிச் சுவரில் கசிந்து உள்ளே வந்து, பார்மலின் நீர்த்துப் போய், ஒரு வருஷம் இரண்டு பாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. கொடுத்த குடும்பத்துக்கு நாங்கள் என்ன பதில் சொல்வோம், நல்ல வேளை அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லியே இந்தத் தடவை தரைக்கு மேல் நிற்கிற ஸ்டீல் டேங்க் வாங்க வைத்தோம். தம்பி, உன் சைட்டில் தரைக்கு அடியில் தொட்டி என்று பிளானில் பார்த்தால், கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு.

இதே டிபார்ட்மெண்டில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. 1951இல் வந்த உடற்கூறியல் சட்டப்படி உரிமை கோராத உடல்கள் கல்லூரிகளுக்கு வரும், அது போக இப்போதெல்லாம் தானமாக எழுதிக் கொடுக்கிறவர்கள் அதிகம். ரிட்டையர்டு வாத்தியார்கள், கட்சிக்காரர்கள், சாதாரண விவசாயிகள் கூட. பாடியோடு குடும்பமே வரும். பழைய கட்டடத்தில் வாசலில் ஒரு புங்கமரமும் சுற்றி ஒரு திண்ணையும் இருந்தது, கையெழுத்து வேலை முடிகிற வரைக்கும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், அண்ணன் டீ வாங்கிக் கொடுப்பார். புதுசில் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு கூட இல்லை. வண்டி நிற்கிற பின்வாசல், மருத்துவக் கழிவு மஞ்சள் பை அடுக்குகிற இடத்தை ஒட்டி இருக்கிறது. போன மாசியில் ஒரு அம்மா மஞ்சள் பைகளுக்குப் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றார், அவர் வீட்டுக்காரரை உள்ளே கொண்டு போயிருந்தோம். என்னைப் பார்த்து, "அவுக இங்கதான் இருப்பாகளா தம்பி?" என்றார். மேல் மாடி, ஏசி, பெரிய ஹால் என்று ஏதேதோ சொன்னேன். ஒரு சின்ன ரூம், நாலு நாற்காலி, குடிக்கத் தண்ணீர். நாலு மாடிக் கட்டடத்தில் அதற்கு இடமில்லை.

லெக்சர் ஹால் பற்றிச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பெரிய கேலரி, நல்ல ப்ரொஜெக்டர், வரிசைக்கு வரிசை பிளக் பாயிண்ட். ஆனால் ஒரு ஜன்னல் கிடையாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்த அரை நிமிஷம் 150 பிள்ளைகளும் ஊவென்று கத்துவது கீழ்த்தளம் வரைக்கும் கேட்கும். கதவு இரண்டும் முன்பக்கம்தான், லேட்டாக வருகிறவன் ப்ரொஃபஸர் முகத்தில் முழித்துவிட்டுத்தான் போக முடியும். இது தவறா உத்தியா தெரியவில்லை, அட்டெண்டன்ஸ் நன்றாக இருக்கிறது.

என் லேபுக்கு வருவோம். பார்க்க அழகாக இருக்கும், பொய் சொல்லக்கூடாது. கருங்கல் மேஜை, கண்ணாடி அலமாரி, வரிசையாக 75 மைக்ரோஸ்கோப். வந்து பார்த்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். மேடம், அதாவது எங்கள் டிபார்ட்மெண்ட் தலைவர், பிளான் போடும்போதே டெக்னீஷியன்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தாராம். யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் முதல் தடவை உள்ளே நுழைந்தது திறப்பு விழாவுக்கு முதல் நாள் ராத்திரி, தூசி தட்டுவதற்கு.

விஷயம் என்னவென்றால், நம்மூர்க் காற்றில் ஈரம் ஜாஸ்தி, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இதற்குப் பழைய லேபில் வைத்தியம் இருந்தது. மர அலமாரி, அடித்தட்டில் ஒரு 15 வாட்ஸ் குண்டு பல்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. பாட்டி காலத்து டெக்னிக், ஆனால் 20 வருஷத்துப் பழைய மைக்ரோஸ்கோப் பளிச்சென்று இருந்தது. புது அலமாரி கண்ணாடி, பல்பு கிடையாது. ஏசியைக் காலையில் போட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். அதுவரை குளிர்ந்து கிடந்த லென்ஸ் மேல் அப்புறம் வருகிற வெளிக்காற்று, சோடா பாட்டில் மேல் வேர்க்கிற மாதிரி, பனித்துவிடும். கார்த்திகை கடைசியில் ஒரு செமினாருக்காக எடுத்துப் பார்த்தால் 11 மைக்ரோஸ்கோப்பில் லென்ஸுக்குள் நூலாம்படை விரித்த மாதிரி பூஞ்சை. ஏசியே இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

பழைய வைத்தியத்துக்கே போனோம். குண்டு பல்பு தேடி நாலு கடை ஏறி இறங்கினேன், எல்லாரும் எல்.இ.டி.யைத்தான் நீட்டினார்கள். ஒரு கடைக்காரர், "சார் இதுல சூடே வராது, கரண்ட் மிச்சம்" என்று விளக்கினார். எனக்குச் சூடுதான் வேண்டும் என்றேன், கோழிப்பண்ணையா என்று கேட்டார்.

மைக்ரோடோம் கதை இன்னொன்று. மெழுகில் பதித்த சதையை நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவுகிற கருவி அது, முடியை விடப் பத்து மடங்குக்கும் மேல் மெலிசாக ரிப்பன் ரிப்பனாக வரும். இந்த ஊர் வெயிலில் மெழுகு இளகும், பிளாக் மேல் ஐஸ் கட்டி வைத்துச் சீவுவோம். ஏசி ரூம் தருகிறார்கள் என்றதும் ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஏசி வாயை நேராக மைக்ரோடோம் தலைக்கு மேல் வைத்துவிட்டார்கள். நான் சீவச் சீவ ரிப்பன் பறந்து போய் அடுத்த மேஜையில் விழுகிறது. ஒரு கேன்சர் பயாப்சி, கடுகளவு சதை, அது பறந்தால் அந்த நோயாளிக்கு மறுபடி ஊசி குத்த வேண்டும். இப்போது ஏசி வாயில் ஒரு சேலைக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியிருக்கிறோம். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் கழற்றுவோம், போனதும் ஒட்டுவோம்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் ஸ்கில் லேப் ஞாபகம் வருகிறது. 150 சீட் கல்லூரிக்கு 600 சதுர மீட்டர் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி, இங்கே கணக்காக இருக்கிறது. நெஞ்சு அமுக்கிப் பழகுகிற பொம்மை, ஊசி போடப் பழகுகிற ரப்பர்க் கை, பிரசவம் பார்க்கிற பொம்மை எல்லாம் நல்ல சரக்கு. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுதான். குறை ஒன்றே ஒன்று, நாலு மணிக்குச் சாவி போய்விடும். பிள்ளைகளுக்கு வகுப்பு முடிவதும் நாலு மணிக்கு.

கடைசியாக மூன்றாம் மாடி, ரிசர்ச் லேப். பயோசேஃப்டி கேபினெட், பி.சி.ஆர். மெஷின், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். பொருளில் குறை வைக்கவில்லை. ஃப்ரீசர் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் லிஃப்ட் கதவை விட அது அரை அடி அகலம் என்று தெரிந்தது. எட்டுப் பேர் கயிறு கட்டி, மாரியம்மன் சப்பரம் தூக்குகிற மாதிரி மூன்று மாடியும் படியில் ஏற்றினார்கள். அவ்வளவு பாடுபட்டு ஏற்றியதை சொருகின பாயிண்டுக்கு ஜெனரேட்டர் லைன் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் போகிற ஊரில், எட்டு மணி நேரம் குளிராமல் கிடக்கப் போகிற ஃப்ரீசரில் யார் எதை வைப்பார்கள்? அணைத்து வைத்துவிட்டார்கள். அதற்குள் இப்போது இருப்பது கையுறைப் பெட்டி.

ரிசர்ச் எல்லாம் பெரிய ஊர் வேலை, நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் எங்கள் கேன்டீனிலேயே இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது தமிழ்நாட்டிலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் பரிசோதனை நடந்தது, அதில் ஒன்று திருவாரூர் மருத்துவக் கல்லூரி லேப். அங்கே வைரஸ் லேப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதனால் முடிந்தது. அதை விடுங்கள், சேற்றில் இறங்கி நாற்று நடுகிற பெண்களுக்கு வருகிற எலிக்காய்ச்சல், அறுவடையில் கண்ணாடி விரியன் கடித்து சிறுநீரகம் கெட்டு வருகிறவர்கள், அரளி விதை அரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்கள், இதையெல்லாம் சென்னையிலா உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணுவார்கள்? நோயாளி இங்கேதான் இருக்கிறார்.

போன வருஷம் இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி, அப்பா பூதலூர்ப் பக்கம் விவசாயம், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மாணவர்களுக்குத் தருகிற இரண்டு மாத ஆராய்ச்சித் திட்டத்துக்கு எலிக்காய்ச்சலை எடுத்துக்கொண்டு வந்தாள். நடவு பண்ணுகிறவர்கள் ரத்தத்தில் சீரம் (உறைந்த ரத்தத்தில் மேலே நிற்கிற தெளிந்த நீர்) பிரித்து, சேர்த்து வைத்து, மொத்தமாகப் பரிசோதிக்க வேண்டும். சேர்த்து வைக்கத்தான் அந்த ஃப்ரீசர். நானும் அவளும் நாலு நாள் சாவிக்கு அலைந்தோம், சாவி கிடைத்தது, கரண்ட் லைன் கிடைக்கவில்லை. கடைசியில் அவள் ரத்தம் எடுக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு, செருப்புப் போட்டு வயலில் இறங்குகிறீர்களா, காலில் புண் இருக்கிறதா என்று 20 கேள்வி அச்சடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். ரிப்போர்ட் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவள் கேட்க நினைத்த கேள்வி அதுவல்ல.

தம்பி, உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். உன் சைட்டில் ஒவ்வொரு ரூமுக்கும் சுவர் எழும்பியதும், அந்த ரூமில் வேலை பார்க்கப் போகிற ஆளை, ப்ரொஃபஸரை இல்லை, அட்டெண்டரையோ டெக்னீஷியனையோ கூட்டி வந்து ஒரு மணி நேரம் அங்கே நிற்க வை. டீ வாங்கிக் கொடு. எங்கே என்ன வைப்பீர்கள் என்று கேட்டு சாக்பீஸில் தரையில் கோடு போடு. லிஃப்ட் ஆர்டர் போடுவதற்கு முன்னால், அதில் ஏறப் போகிற மிகப் பெரிய பெட்டியின் அகலத்தைக் கேட்டு வாங்கு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பித்தளைக் குழாய் ஃபிட்டிங்ஸ் நாலே மாதத்தில் பச்சை பிடிக்கும், அதையும் பார்த்துக்கொள், எங்கள் இரண்டாம் மாடி லேடீஸ் டாய்லெட் இப்போதே அந்த நிலையில்தான் இருக்கிறது.

ஒரு சின்ன அப்டேட். இதை எழுதி முடிக்கிற நேரத்தில் மேடம் போன் பண்ணினார், ஜெனரேட்டரிலிருந்து மூன்றாம் மாடிக்கு லைன் இழுக்க ஒயர் வந்து இறங்கியிருக்கிறதாம், எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை வருகிறாராம். கையுறைப் பெட்டியை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் வந்தால் ரிசர்ச் லேபுக்கும் மார்க் போட்டு இங்கேயே சேர்க்கிறேன்.